பாதி ஆசீர்வாதம்

காய்ச்சல் முதலில் தலைவலியாகத்தான் வந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எழுத்துகளைக் கூட்டாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய சத்தம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வருவதுபோல் கேட்டது. வாய்கள் திறந்து மூடுவதைப் பார்த்தேன். சத்தம் சற்றுப் பிந்தி வந்தது. கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பலகை குளிர்ந்திருந்தது. அப்போதுதான் என் கை எவ்வளவு சூடாக இருக்கிறது என்று தெரிந்தது.

அன்று நான் போய்ப் படுக்கவில்லை. இலங்கையின் நமுனுகுல மலைச்சரிவில் உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்துக் கூடை தூக்காத முதல் பெண் நான். எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டி வாசித்த முதல் ஆளும் நான்தான். பதுளையில் மிஷன் பெண்கள் விடுதியில் தங்கிப் படித்து, பிறந்த தோட்டத்துக்கே ஆசிரியையாகத் திரும்பியவள். பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் வரிசைக்கு) நிற்காத பெண், தலைவலி என்று படுத்தால் லயத்தில் (தொழிலாளர் குடியிருக்கும் வரிசை அறைகளில்) என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். மாலைவரை நின்றுகொண்டே பாடம் சொன்னேன்.

இதே காய்ச்சலோடு படுத்திருப்பவர்களுக்காகவும், அவர்கள் கட்டிலருகே உட்கார்ந்திருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். உங்களுக்குத் தைரியம் சொல்வது என் நோக்கமல்ல. என்னிடம் அது அதிகம் இருக்கவில்லை. நோயின் தொடக்கம் முதல் கடைசிவரை நான் பயந்துகொண்டுதான் இருந்தேன். நோய்க்குப் பயந்ததைவிட ஓர் ஆசீர்வாதத்துக்கு அதிகம் பயந்தேன். அதைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

காய்ச்சல் படியேறுவதுபோல் ஏறியது. ஒவ்வொரு மாலையும் முந்தின மாலையைவிடக் கொஞ்சம் கூடுதல். காலையில் சற்று இறங்கும். முழுவதும் இறங்காது. தோட்டத்து மருந்துக்காரர் வந்து பார்த்துவிட்டு கொயினா (குளிர்காய்ச்சலுக்குக் கொடுக்கும் கசப்பு மருந்து) கொடுத்தார். இந்தப் பக்கம் காய்ச்சல் என்றால் பெரும்பாலும் குளிர்காய்ச்சல்தான். அவர் நினைத்ததில் தவறில்லை. ஆனால் எனக்கு நடுக்கம் வரவில்லை, வியர்க்கவும் இல்லை. வயிறு மட்டும் கல்லாக உப்பியது. காதுக்குள் ஓயாமல் ஒரு பீலி (மலையிலிருந்து தண்ணீர் கொட்டும் குழாய்) கொட்டிக்கொண்டிருந்தது.

அம்மா வேலைக்குப் போகவில்லை. அவள் பெயர் முத்தாயி. ஞானஸ்நானத்தில் மரியாள் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரைக் கூப்பிடுகிறவர் குருவானவர் ஒருவர்தான். அப்பா நான் விடுதியில் இருந்தபோதே இறந்துவிட்டார். லயத்து அறையில் நாங்கள் இருவர் மட்டுமே. அம்மா ஈரத்துணியை என் நெற்றியில் போடுவாள். அது காய்ந்ததும் எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துச் சூடு பார்ப்பாள்.

பக்கத்து அறையில் இருந்தவள் காத்தாயி அத்தை. அவள் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள். ஆனாலும் எங்கள் வீட்டு விஷயம் எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு தீர்ப்பு இருக்கும்.

"அண்ணி, ஐயருக்கு மட்டும் சொல்லிவிட்றாதீங்க" என்று அவள் அம்மாவிடம் சொல்வது என் காதில் விழுந்தது.

"நான் ஏன் சொல்லப்போறேன்? எனக்கென்ன புத்தி கெட்டா போச்சு?" என்றாள் அம்மா.

குருவானவரை எங்கள் பக்கம் ஐயர் என்றுதான் அழைப்பார்கள். அவர் திருநெல்வேலியிலிருந்து வந்தவர். பதுளையில் குடியிருந்தார். அவர் கவனித்துக்கொள்ள வேண்டிய தோட்டங்கள் அநேகம். எங்கள் தோட்டத்தில் மாதம் ஒரு ஞாயிறு பள்ளிக்கூடத்தில் ஆராதனை நடத்துவார். மற்ற நாட்களில் ஆள் அனுப்பினால்தான் வருவார். ஆள் அனுப்புவதோ, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று தெரிந்த பிறகு. மலையேறி அவர் வந்து சேரும்போது நோயாளிக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருக்கும். அவர் கையை உயர்த்தி ஆசீர்வாதம் கூறுவார். அன்றோ மறுநாளோ ஆள் போய்விடும்.

வருடக்கணக்கில் இதையே பார்த்த கண்களுக்கு ஒரு முடிவு ஏற்பட்டுவிட்டது. ஐயர் ஒருவர் தலைக்குமேல் கையை உயர்த்தினால் அந்த ஆள் பிழைக்காது. அவருடைய பெரிய கறுப்புக் குடை தேயிலைச் செடிகளுக்கு மேலே மிதந்து வருவது தூரத்திலேயே தெரியும். அது லயத்துப் பக்கம் திரும்பினால், கொழுந்து பறிக்கும் பெண்கள் கையை நிறுத்திவிட்டு, "கொடை திரும்புதுடி! யார் வீட்டுக்கு?" என்று கேட்பார்கள்.

ஞாயிறு ஆராதனையிலும் ஆசீர்வாதம் கடைசியில்தான் வரும். ஐயர் கையை உயர்த்தும்போது பாதிப் பேர் கம்பளியை உதறித் தோளில் போட்டிருப்பார்கள். ஆக, எங்கள் சனங்களுக்கு ஆசீர்வாதம் என்றால் முடிந்துவிட்டது என்று பொருள். ஆராதனை முடிந்துவிட்டது, இல்லையென்றால் ஆள் முடிந்துவிட்டது.

எனக்கு அப்படியல்ல. ஆசீர்வாதம் என்றால் என்னவென்று விடுதியில் பாடமாகப் படித்தவள் நான். கடவுளின் பெயரால், கடவுளுடைய ஊழியர், கடவுளுடைய மக்கள்மேல் கூறும் நன்மையின் வார்த்தை. ஞாயிறு வகுப்பில் பிள்ளைகளுக்கும் அதையே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். குடையைப் பற்றிய பேச்செல்லாம் படிக்காதவர்களின் பயம் என்று பெரியவர்களுக்கும் விளக்கியிருக்கிறேன். இப்போதும் என் விளக்கம் சரியென்றுதான் நினைக்கிறேன். ஆனால் படுக்கையில் கிடக்கும் உடம்பு அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கவில்லை.

ஒரு மத்தியானம், திறந்திருந்த கதவு வழியாக அந்தக் குடையைப் பார்த்தேன். மழை பெய்துகொண்டிருந்தது. குடை எங்கள் வாசலில் நின்றது. பிறகு மெதுவாக மடங்கியது. கம்பளியை இழுத்து, ஒரு கண் மட்டும் வெளியே தெரிய முகத்தை மூடிக்கொண்டேன்.

அம்மா வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"யாரு சாமி உங்களுக்குச் சொல்லிவிட்டது?"

"யாரும் சொல்லல தாயீ. கீழ் லயத்துக்கு வந்தேன். பள்ளிக்கூடம் பூட்டிக் கெடந்துது. ஏன்னு கேட்டேன்."

"சும்மா காய்ச்சல்தாங்க. நாளைக்கு எந்திரிச்சிரும்."

"சரி. ஒருதரம் பாத்துட்டுப் போறேன்."

"பாருங்க. வேணாங்கல. ஆனா கையத் தூக்கப்படாது."

ஐயர் சிரிக்கவில்லை. அவருக்கும் இந்தப் பேச்சு தெரிந்திருக்கும். "கையத் தூக்கல மரியாள். ஜெபமாவது பண்ணலாமா?"

அம்மா யோசித்தாள். "கண்ண மூடிக்கிட்டு மேல பாத்துப் பண்ணுங்க. எம்புள்ளயப் பாத்து ஒண்ணும் சொல்லிப்புடாதீங்க."

பக்கத்து அறையிலிருந்து காத்தாயி அத்தையின் குரல் வந்தது. "அண்ணி! கொடைய வெளியிலயே வச்சிட்டு வரச் சொல்லுங்க!"

குடை வெளியே சுவரில் சாய்ந்தது. ஐயர் உள்ளே வந்து, கண்ணை மூடிக்கொண்டு, முகத்தைக் கூரைத் தகரத்தின் பக்கம் உயர்த்தி ஜெபம் செய்தார். கம்பளிக்குள் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். ஜெபம் முடிந்ததும் வழக்கப்படி அவர் கை உயருமோ என்று பயந்தேன். உயரவில்லை. அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அம்மாவிடம், "இது சும்மா காய்ச்சல் இல்ல. பதுளைக்குக் கொண்டு போவணும். நான் துரைக்கிட்டச் சொல்றேன்" என்றார்.

தோட்டத்து மேலாளரான துரை உடனே உத்தரவு கொடுத்தார். கம்பளியை மூங்கிலில் தூளிபோல் கட்டி என்னைக் கிடத்தினார்கள். வண்டிச்சாலைவரை அப்படித்தான் போகவேண்டும். மழை விடவில்லை. தூளி நனையாமலிருக்க என்ன செய்வது என்று அம்மா சுற்றுமுற்றும் பார்த்தபோது, ஐயர் தன் குடையை நீட்டினார்.

"வேணாம் சாமி" என்று அம்மா பின்வாங்கினாள்.

"கொடை மழைக்குத்தான் தாயீ."

அம்மா என்னைப் பார்த்தாள், மழையைப் பார்த்தாள். பாம்பைப் பிடிப்பதுபோல் அந்தக் குடையைப் பிடித்தாள்.

இப்படியாக, நான் எந்தக் குடைக்குப் பயந்து முகத்தை மூடிக்கொண்டேனோ, அதே குடைக்கு அடியில் மலையிறங்கினேன். மேலே கறுப்புத் துணி. அதன் ஓரத்திலிருந்து தண்ணீர் ஒழுகியது. கீழ் லயத்தைத் தாண்டும்போது, மூங்கிலில் தொங்கும் தூளியையும் அதற்கு மேலே பிடித்த ஐயரின் குடையையும் பெண்கள் பார்த்தார்கள். வேறென்ன நினைப்பார்கள்? ஒரு கிழவி மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்கினாள். இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். என் பெயரைச் சொல்லி, என் படிப்பைச் சொல்லி, எனக்குக் கிடைக்காமல் போன மாப்பிள்ளையைச் சொல்லி அழுதார்கள்.

நான் இருக்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருந்தது.

"அடி நாசமாப் போறவளுகளா!" என்று அம்மா கத்தினாள். "எம்புள்ள உசிரோட இருக்காடி! வாய மூடுங்கடி!"

அவர்கள் நிறுத்தினார்கள். ஆனால் நான் கேட்டுவிட்டேன். தன் ஒப்பாரியைத் தானே கேட்டவர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். உங்களுக்கு அது நேர வேண்டாம்.

பதுளை ஆஸ்பத்திரியில் நீண்ட விறாந்தை (தாழ்வாரம்). மருந்து நாற்றமும் ஈரச் சுவர் நாற்றமும் கலந்திருந்தன. டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். என் வயிற்றில் சிவந்த சிறு புள்ளிகளைக் கண்டுபிடித்தார். நாக்கைப் பார்த்தார். தோட்டத்தில் எந்தத் தண்ணீர் குடிப்பீர்கள், காய்ச்சிக் குடிப்பீர்களா என்று விசாரித்தார். பள்ளிக்கூடத்துப் பின்னால் இருந்த பீலியில் நான் அப்படியே குடிப்பதாக அம்மா சொன்னாள்.

"இது டைபாய்டு" என்றார். (குடலில் புண் உண்டாக்கும் நீண்ட காய்ச்சல் அது. கெட்ட தண்ணீரால் பரவும்.) "இதுக்கெண்டு தனி மருந்து இல்லை. பாலும் பார்லித் தண்ணியும் மட்டும்தான். சோறு ஒரு பருக்கை குடுத்தாலும் குடல் ஓட்டையாப் போயிடும். விளங்குதோ அம்மா?"

அம்மாவுக்கு அவர் பேச்சு பாதிதான் விளங்கியது. சோறு கூடாது என்பது மட்டும் நன்றாக விளங்கியது. நோயாளிக்குச் சோறு இல்லையென்றால் எப்படிப் பிழைக்கும் என்று விறாந்தையில் போய் அழுதாள். ஆனால் கொடுக்கவில்லை. இதை வாசிப்பவர்கள் வீட்டில் யாராவது இந்தக் காய்ச்சலில் கிடந்தால், அவர்கள் எவ்வளவு கெஞ்சினாலும், டாக்டர் சொல்லும்வரை கொடுக்காதீர்கள். நான் மிகவும் கெஞ்சினேன். அம்மாவைத் திட்டினேன். அவள் காதை மூடிக்கொண்டாள்.

என் முடியை ஒட்ட வெட்டினார்கள். ஈரத்துணியால் உடம்பைச் சுற்றினார்கள். சன்னி (காய்ச்சல் உச்சத்தில் நினைவு தடுமாறுவது) கண்டது. கட்டிலைச் சுற்றி என் பிள்ளைகள் உட்கார்ந்து எழுத்துகளைத் தலைகீழாகச் சொல்வதுபோலவும், நான் திருத்தத் திருத்த அவர்கள் ஒப்பாரி ராகத்துக்கு மாறுவதுபோலவும் இருந்தது. என் பெயர் கிருபை என்பது சில நேரம் நினைவில் இருந்தது, சில நேரம் இல்லை.

தெளிவாக இருந்த ஒரு காலையில் டாக்டரிடம் கேட்டேன். "நான் செத்துப்போவேனா?"

அவர் என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். "எனக்குத் தெரியாது பிள்ளை. ஆனா இண்டைக்கு இல்லை."

அதற்குப் பிறகு தினமும் காலையில் அவரைக் கேட்பேன். "இன்றைக்கு?" "இண்டைக்கு இல்லை" என்பார். அந்தச் சொல்லைப் பற்றிக்கொண்டு மறுநாள் காலைவரை கிடப்பேன். மறுநாளைக்கு அது செல்லாது. மறுபடி கேட்க வேண்டும்.

ஐயரும் வந்தார். பதுளையில்தானே அவர் வீடு. விறாந்தையிலிருந்து தலையை நீட்டி, "மரியாள், என் கொடைய வாங்கிட்டுப் போவலாம்னு வந்தேன்" என்பார். அம்மா குடையை எடுத்துக் கொடுப்பாள். அவர் வானத்தைப் பார்ப்பார். "மழை வரும்போலருக்கு. நீங்களே வச்சுக்கிடுங்க. நாளைக்கு வாங்கிக்கிடுதேன்." மழை வருமென்றால் குடையை அல்லவா எடுத்துப் போக வேண்டும்? அம்மாவுக்கு அது உறைத்ததா என்று தெரியவில்லை. அடுத்த நாளும் வருவார். கட்டிலருகே நின்று கூரையைப் பார்த்து ஜெபம் செய்வார். கை உயராது. அம்மா அவர் கைகளையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

பிறகு இரத்தம் வந்தது. ஒரு விடியற்காலையில் வயிற்றில் பெரிய வலி இல்லாமலே, படுக்கை நனைந்தது. அது என்னவென்று அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் அறிந்தேன். குடல் புண்ணிலிருந்து வரும் இரத்தம் அது. இந்த நோயில் எல்லோரும் பயப்படுகிற கட்டம் இதுதான். கட்டிலின் கால்பக்கத்துக்குக் கல் கொடுத்து உயர்த்தினார்கள். தலையணையை எடுத்துவிட்டார்கள். வாயில் அபின் கலந்த ஏதோ மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள்.

"அசையக்கூடாது" என்றார் டாக்டர். "தும்மல் வந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கோ."

"இன்றைக்கு?" என்று கேட்டேன்.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். பதில் சொல்லவில்லை. கையைக் கீழே வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

பயம் என்றால் என்னவென்று அதுவரை நான் அறிந்ததெல்லாம் ஒத்திகை. அந்த முற்பகலில் என் கால்கள் எனக்கு முன்பே செத்துவிட்டதுபோல் குளிர்ந்தன. கூரையில் ஒரு பலகையில் கறை இருந்தது. அதைவிட்டுக் கண்ணை எடுத்தால் போய்விடுவேன் என்று தோன்றியது. தெரிந்த ஜெபங்கள் எல்லாம் மறந்துபோயின. என் பக்கத்திலிருந்து கடவுளைப் பார்த்துச் சொல்ல என்னிடம் ஒரு சொல்லும் மிச்சமில்லை. அப்போதுதான் எனக்கு வேண்டியது வேறொன்று என்று தெரிந்தது. அங்கிருந்து என்னைப் பார்த்து யாராவது ஒரு சொல் சொல்ல வேண்டும்.

ஐயர் மத்தியானம் வந்தார். குடையைக் கேட்கவில்லை. விறாந்தையிலேயே யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"சொல்லுங்க ஐயரே" என்றேன். குரல் எழும்பவில்லை. அவர் குனிந்தார். "ஆசீர்வாதம். எனக்குச் சொல்லுங்க."

கேட்டுவிட்டு நடுங்கினேன். கேட்டதும் நான்தான், நடுங்கியதும் நான்தான். இரண்டும் ஒரே உடம்பில் நடந்தன.

"வேணாம்!" அம்மா கட்டிலுக்கும் அவருக்கும் நடுவே வந்துவிட்டாள். "வேணாம் சாமி. அது அறியாம கேக்குது. சொன்னீங்கன்னா போயிரும்."

"தாயீ" என்றார் ஐயர். "மாசாமாசம் பள்ளிக்கூடத்துல கையத் தூக்கிச் சொல்றேன்லா. அதக் கேட்டுட்டு அத்தனை பேரும் வீட்டுக்கு நடந்துதான போறீங்க? யாரு செத்தா?"

அம்மா அதற்கும் பதில் வைத்திருந்தாள். "அது கும்பலுக்குச் சொல்றதுங்க. கும்பலுக்குச் சொன்னா ஆளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் வரும். அதத் தாங்கிக்கலாம். ஒத்த ஆளுக்கு அம்புட்டையும் சொன்னா எப்பிடித் தாங்கும்? இவ கெடக்கிற கெடைக்கு?"

வெளியே மழை பிடித்தது. நான் கூரையின் கறையைப் பார்த்துக்கொண்டே, "அம்மா, எனக்கு வேணும்" என்றேன்.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தலையில் போட்டிருந்த துணியைச் சரிசெய்துகொண்டு, கட்டிலோரம் மண்டியிட்டாள். உயர்த்தி வைத்த கட்டில் என் தலைப்பக்கம் தாழ்ந்திருந்தது. அவள் தன் தலையைக் கொண்டுவந்து, வெட்டிய முடி குத்தும் என் தலையோடு ஒட்டி வைத்தாள். அவளிடம் தேயிலைச்சாயமும் அடுப்புப் புகையும் மணந்தன.

"அப்ப எங்க ரெண்டு பேருக்கும் சேத்துச் சொல்லுங்க சாமி" என்றாள். "பாதி எனக்கு."

அவள் என்ன சொன்னாள் என்று நான் உணர்ந்துகொள்ளச் சற்று நேரமாயிற்று. அவளைப் பொறுத்தவரை அந்தக் கையின் கீழே இருந்தது சாவு. அதில் பாதியைக் கேட்டு வாங்கத் தலையை வைத்திருந்தாள்.

ஐயர் கையை உயர்த்தினார். ஒரு கையல்ல, இரண்டு. ஆராதனைதோறும் பாடம்போல் சொல்லும் வார்த்தைகளை அவர் அன்று தட்டுத்தடுமாறிச் சொன்னார். கடவுள் எங்களைக் காக்கும்படியும், முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் பார்க்கும்படியும், சமாதானம் கொடுக்கும்படியும். கூரையைப் பார்த்து அல்ல, எங்களைப் பார்த்துச் சொன்னார். "கிருபை, மரியாள்" என்று பெயர் சொன்னார்.

எனக்கு எந்த ஒளியும் தெரியவில்லை. பயமும் போகவில்லை. அம்மாவின் தலை என் தலையோடு இடிபடுமளவுக்கு நடுங்கியதுதான் தெரிந்தது. இரண்டு பேருடைய நடுக்கமும் கலந்து எது யாருடையது என்று தெரியாமல் போனது. "ஆமென்" என்று அவள்தான் சொன்னாள். பிறகு எழுந்திருக்காமல் அப்படியே இருந்தாள், எது வருகிறதோ வரட்டும் என்று.

அதன்பின் மறுநாள் காலைவரை நான் அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன், அவள் என் மூச்சைக் கேட்டுக்கொண்டு கிடந்தாள். அதற்குமேல் அதைப் பற்றி எழுத விரும்பவில்லை.

காலையில் டாக்டர் வந்து துணியைப் பார்த்தார். புது இரத்தம் இல்லை. மணிக்கட்டைப் பிடித்தார். நான் கேட்பதற்கு முன்பே, "இண்டைக்கு இல்லை" என்றார்.

அம்மா தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கழுத்தைத் தொட்டாள். "எனக்கும் ஒண்ணும் ஆகலயே" என்றாள், யாரோ ஏமாற்றிவிட்டதைப்போல.

ஆசீர்வாதத்தால் இரத்தம் நின்றது என்று நான் எழுத மாட்டேன். டாக்டரின் மருந்தும், உயர்த்திய கட்டிலும், அம்மா கொடுக்காமலிருந்த சோறும் தங்கள் வேலையைச் செய்தன. ஆசீர்வாதம் கேட்டும் போனவர்கள் எங்கள் தோட்டத்தில் அநேகர். அவர்களுக்குச் சொன்ன வார்த்தை எனக்குச் சொன்னதைவிடக் குறைந்ததல்ல. நான் கண்டது இவ்வளவுதான். ஜெபத்தில் நாம் கடவுளைப் பார்த்துப் பேசுகிறோம். நன்றாகப் பேசத் தெரிந்தவர்களுக்கு அது எளிது. எனக்கும் எளிதாக இருந்தது. ஆசீர்வாதத்தில் நாம் பேசுவதற்கு ஒன்றுமில்லை. நம்மைப் பார்த்துச் சொல்லப்படுகிறது. நம் பெயரும், சாகக்கூடிய நம் உடம்பும் அந்தச் சொல்லுக்கு எதிரே கிடக்கின்றன. அதனால்தான் அது பயமாக இருக்கிறது என்று நினைக்கிறேன். அம்மா "எம்புள்ளயப் பாத்துச் சொல்லாதீங்க" என்றபோது, அதன் பலத்தை அவள் சரியாகவே உணர்ந்திருந்தாள். அது எந்தப் பக்கம் இழுக்கும் என்பதில்தான் தவறினாள்.

காய்ச்சல் ஏறியதுபோலவே படிப்படியாக இறங்கியது. பிறகு பசி வந்தது. இந்த நோயிலிருந்து எழும்புகிறவர்களின் பசியைப் பசி என்று சொல்லக் கூடாது. அது உடம்புக்குள் வேறொரு ஆள். டாக்டர் முதன்முதலில் குழைந்த கஞ்சிக்கு அனுமதி கொடுத்தபோது அம்மா ஊட்டினாள். அழுதுகொண்டே ஊட்டியதால் பாதி என் கழுத்தில் வழிந்தது.

நடக்கப் பழகவேண்டியிருந்தது. கால்கள் குச்சியாக இருந்தன. முழங்கால் எந்தப் பக்கம் மடியும் என்று அதற்கே மறந்துவிட்டது. பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைக்குமா என்று தேடியபோது மூலையில் குடை நின்றது. அதை ஊன்றித்தான் விறாந்தையில் நடந்தேன். ஐயர் வந்து பார்த்தார். "என் கொடை" என்று தொடங்கினார். "மழை வரும்போலருக்குங்க" என்றாள் அம்மா. அன்றைக்கு வானம் வெளுத்திருந்தது. ஐயர் சிரித்துவிட்டார். நாங்களும்தான்.

தோட்டத்துக்குத் திரும்பிய நாளில் வெயில் கடுமையாக இருந்தது. வண்டிச்சாலையில் இறங்கி மலையேறும்போது, மொட்டைத்தலை சுடும் என்று அம்மா குடையை விரித்து என்மேல் பிடித்தாள். தேயிலைச் செடிகளுக்கு மேலே அது மிதந்து போயிருக்க வேண்டும். மேல் மலையிலிருந்து குரல்கள் கேட்டன.

"கொடை வருதுடியோ! லயத்துப் பக்கம் திரும்புது! யார் வீட்டுக்கு?"

காத்தாயி அத்தைதான் முதலில் ஓடிவந்தாள். குனிந்து குடைக்குள் பார்த்தாள்.

"அடி மொட்டச்சி! நீயா?" என்று என் கன்னத்தைப் பிடித்து ஆட்டினாள். "கீழ் லயத்துல உனக்குப் பாதி ஒப்பாரி பாடி வச்சிருக்காளுக. மீதிய யாருக்குப் பாடுறதுன்னு தெரியாம நிக்கிறாளுக!" அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

அடுத்த ஆராதனை ஞாயிறு ஐயர் வந்தபோது குடையைத் திருப்பிக் கொடுத்தோம். ஆராதனை முடிந்ததும் எங்கள் அறைக்கு வந்து போகும்படி அம்மாவே கேட்டாள். வீட்டில் யாருக்கும் நோயில்லை, சும்மா வந்து ஒரு வாய் தேத்தண்ணி குடித்துவிட்டு, கையைத் தூக்கிச் சொல்லிவிட்டுப் போங்கள் என்றாள். அவர் வந்தார். வாசலில் கூட்டம் கூடிவிட்டது. யாருக்கு, யாருக்கு என்று கேட்டார்கள். "யாருக்கும் இல்ல. சும்மா" என்றாள் அம்மா. அவர்கள் நம்பவில்லை. அன்று மாலைவரை எங்கள் இரண்டு பேரையும் கவனித்துக்கொண்டே இருந்தார்கள்.

முடி இப்போது தோளைத் தொடுகிறது. சுருட்டையாக வளர்ந்திருக்கிறது. முன்பு அப்படி இல்லை. படியேறினால் இடுப்புக்குக் கீழே ஒரு கனம் வருகிறது. தண்ணீரைக் காய்ச்சாமல் தொடுவதில்லை. பிள்ளைகளையும் தொடவிடுவதில்லை. முன்பெல்லாம் அடுத்த வருடம், அதற்கடுத்த வருடம் என்று யோசிப்பேன். இப்போது காலையில் கண் விழித்ததும் என் மணிக்கட்டை நானே பிடித்துப் பார்க்கிறேன். இன்றைக்கு இல்லை என்று எனக்குள் டாக்டரின் குரலில் கேட்கிறது. அவ்வளவு நீளத்துக்குத்தான் இப்போது என்னால் காலத்தை அளக்க முடிகிறது. அது குறைவு என்று தோன்றவில்லை.

ஆராதனையின் கடைசியில் ஐயர் திரும்பிக் கையை உயர்த்தும்போது, இப்போதும் எனக்குப் பயம்தான். கால்கள் குளிர்கின்றன. யாரும் இப்போது கம்பளியை உதறுவதில்லை. அதற்குள் அம்மா பாயில் நகர்ந்து நகர்ந்து என் பக்கத்தில் வந்துவிடுவாள். தன் தலையை என் தலையோடு ஒட்டி வைத்துக்கொள்வாள். கும்பலுக்குச் சொல்வதுதானே அம்மா, எல்லோருக்கும் வரும், நீ அங்கேயே இரு என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"உம்பங்கு ஒனக்கு. எம்பங்கு எனக்கு" என்றாள். "ஆனா பக்கத்துல இருந்துக்கிறேன்."

நாங்கள் இருவரும் நடுங்கிக்கொண்டே அதைக் கேட்கிறோம்.